தொழியின் ஏப்பம்

கும்பப்பூ, அதாவது எங்கள் ஊரின் இரண்டாம் நெல் பருவம், நட்டு நான்கு வாரம் ஆன வயலில் காலை அழுத்தி நடந்தால், மிதித்த இடத்தைச் சுற்றிக் குமிழ்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பும். கணுக்காலில் கூச்சம் காட்டும். சின்ன வயதில் இதற்காகவே களை பறிக்கிற பெண்களுக்குப் பின்னால் தொழியில், அதாவது உழுது கலக்கிய சேற்றில், இறங்கிவிடுவேன். வரப்பில் நிற்கும் பாட்டா, “நெலம் ஏப்பம் விடுகு மக்களே, நல்லா தின்னிருக்கு” என்பார். நாற்றை மிதித்துக் கெடுக்கிறேன் என்று அடுத்த நிமிடமே கையில் இருக்கும் கம்பும் வரும்.

என்ன தின்றது, யார் தின்றார்கள் என்று அப்போது கேட்கவில்லை. குழை மிதித்த வயலில் ஏப்பம் அதிகம், வெறும் உரம் போட்ட வயலில் குறைவு என்பது மட்டும் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். புங்கு, பூவரசு, கொழுஞ்சி, எருக்கு என்று கிடைத்த குழையை எல்லாம் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து தொழியில் போட்டு ஆளும் மாடுமாக மிதிப்பார்கள். பத்து நாளில் அந்தப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

பிறகு நான் நுண்ணுயிரியல் படித்தேன். இப்போது நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வயலுக்கும் எனக்கும் இடையே இருப்பது தேரூர்ப் பக்கம் பெரியப்பா இன்னும் விடாமல் பார்த்துவரும் ஒரு துண்டு நிலமும், அறுவடைக்குப் பின் வரும் அரிசிச் சாக்கும்தான். அந்த ஏப்பத்தை மறுபடி நினைக்க வைத்தவள் என் மகள். ஒன்பதாம் வகுப்பு. சதுப்பில் இருந்து எரிவாயு வரும் என்று பாடத்தில் படித்துவிட்டு, “நம்ம வயல்ல வருமா?” என்றாள். வரும் என்றேன். “பத்த வச்சுக் காட்டு” என்றாள்.

இதைச் செய்துபார்த்தவர்களில் பெரிய பெயர் வோல்ட்டா. பேட்டரிக்குப் பெயர்போன அதே வோல்ட்டாதான். 1776 நவம்பரில் வட இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரையில், படகில் இருந்தபடி கம்பால் சேற்றைக் கிளறி, வந்த குமிழ்களைத் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த பாத்திரத்தில் பிடித்தார். தீ காட்டினார், நீலமாக எரிந்தது. அந்த வாயுவுக்கு மீத்தேன் என்ற பெயரே அதற்குப் பல காலம் கழித்துத்தான் வந்தது. அவருக்கு ஏரி, எங்களுக்கு மடைக்குழி. வயலில் நான்கு விரல் தண்ணீரில் போத்தலைக் கவிழ்க்க முடியாது. மடைவாய்க்குப் பக்கத்தில் முழங்கால் ஆழத்தில் ஒரு பள்ளம் உண்டு. அங்கே ஊறுகாய்ப் போத்தலைத் தண்ணீருக்குள் நிரப்பிக் கவிழ்த்து, வாயில் புனலை வைத்து, மகள் பிடித்துக்கொள்ள நான் கம்பால் கிளறினேன். அரைப் போத்தல் வாயு கிடைத்தது. பெருமையாகத் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினேன்.

தீக்குச்சி அணைந்துபோனது. மறுபடி, மறுபடியும் அணைந்தது. வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியப்பா, “படிச்சதெல்லாம் வெள்ளத்துல போச்சா?” என்று கேட்டார்.

எங்கே தப்பு என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. தண்ணீர் கட்டி உழுது நான்காவது நாள் அது. இந்தச் சேறு இன்னும் மீத்தேன் வரைக்கும் வரவே இல்லை.

சேற்றில் நடப்பது நம் ஊர்க் கல்யாணப் பந்தி மாதிரி. சாப்பாடு ஒன்றுதான்: மக்கிக்கொண்டிருக்கும் குழை, போன பூவின் தாள்க்கட்டை, வேர்கள் கசியவிடும் சர்க்கரை. எந்தப் பந்தியில் யார் உட்காருவது என்பதில் கண்டிப்பு உண்டு. காற்றோட்டம் இருக்கும் மண்ணில் ஆக்சிஜனைச் சுவாசிப்பவர்கள்தான் முதல் பந்தி, ஏனென்றால் அதே உணவில் இருந்து அதிக ஆற்றலைக் கறப்பவர்கள் அவர்கள். வயலில் தண்ணீர் கட்டியதும் மண்ணுக்குள் ஆக்சிஜன் இறங்குவது அநேகமாக நின்றுபோகிறது. தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதில் 10,000-ல் ஒரு பங்குதான். மண்ணில் மிச்சம் இருக்கும் ஆக்சிஜனை இந்தக் கூட்டம் ஓரிரு நாளில் காலிசெய்துவிடும். அடுத்த பந்தியில் நைட்ரேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள். அப்புறம் மாங்கனீசு, அதன்பின் இரும்பு, அதன்பின் சல்பேட். ஒவ்வொரு பந்திக்கும் முந்தையதைவிட ஆற்றல் குறைவு. இவை அத்தனையும் தீர்ந்து, இலையை எடுக்கப் போகும் நேரத்தில் உட்காருபவர்கள்தான் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள். மற்றவர்கள் நொதிக்கவிட்டு மிச்சம் வைத்த அசிட்டேட்டும், ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும்தான் அவர்களுடைய சாப்பாடு. ஏப்பம் அவர்களுடையது.

எங்கள் மாவட்டத்துச் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. இரும்புப் பந்தி நீளும்போது கடைசிப் பந்திக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். நான்காம் நாள் நாங்கள் பிடித்தது பெரும்பாலும் மண் இடுக்கில் மாட்டிக்கொண்ட நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும். தீக்குச்சி அணையாமல் என்ன செய்யும்?

இந்த இரும்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். வயலின் ஓரத்தில் தேங்கிய தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். டிராக்டரின் டீசல் ஒழுகிவிட்டது என்று பெரியப்பா ஒருமுறை ஓட்டுநரிடம் சண்டைக்கே போய்விட்டார். கம்பால் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எண்ணெய் என்றால் விலகி மறுபடி கூடும். இந்தப் படலம் கண்ணாடி போலத் துண்டு துண்டாக உடையும், உடைந்தது ஒட்டாது. சேற்றுக்குள் கரைந்துபோன இரும்பு மேலே வந்து காற்றுப் பட்டுத் துருவாகும் இடம் அது. ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க மாட்டார்.

நெல்லைப் பிடுங்கி வேரை அலசினாலும் அதே கதைதான். நுனி வெள்ளை, மேலே வரவரச் செங்காவி. அந்தக் காவி, வேரைச் சுற்றிப் படிந்த துரு. காற்றே இல்லாத சேற்றில் துரு எப்படி வந்தது? நெல்லின் தண்டும் வேரும் உள்ளே காற்றுக்குழல்களாகத் துளைபட்டிருக்கின்றன. இலை வழியாக வாங்கும் ஆக்சிஜனைப் பயிர் அந்தக் குழல்களில் வேர்வரை இறக்குகிறது. கொஞ்சம் வெளியே கசிகிறது. கசிந்த இடத்தில் இரும்பு துருப்பிடிக்கிறது. வேர் கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் பயிருக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். பாட்டா இதற்காகவே அங்கங்கே ஒரு நெற்பயிரைப் பிடுங்கி முகர்ந்து பார்ப்பார். அந்த வாடை ஹைட்ரஜன் சல்பைடு, அந்தக் கறுப்பு இரும்பு சல்பைடு. இரண்டும் சல்பேட் பந்தியின் எச்சில். மீத்தேனுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. ‘வயல் நாறுது, மீத்தேன் வருது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்தக் கடைசிப் பந்திக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். ரொம்ப காலம் அவர்களையும் பாக்டீரியா என்றே எழுதிவந்தார்கள். 1977-ல் அமெரிக்காவில் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இவை பாக்டீரியாவோடும் சேரவில்லை, நம்மைப் போன்ற உட்கருவுள்ள உயிர்களோடும் சேரவில்லை. மூன்றாவதாக ஒரு குலம். இன்று ஆர்க்கியா என்கிறோம். அந்த மூன்றாம் குலத்தைக் காட்டிக்கொடுத்ததே மீத்தேன் உயிரிகள்தான். எம்.எஸ்சி. படிக்கும்போது சாண எரிவாயுக் கலத்தின் கரைசலை நுண்ணோக்கியில் வைத்து, குறிப்பிட்ட நீல ஒளியைப் பாய்ச்சிக் காட்டினார்கள். வேறு எதுவும் தெரியாத இருட்டில் சில புள்ளிகள் மட்டும் நீலப்பச்சையாக மினுங்கின. மீத்தேன் உண்டாக்க அவை வைத்திருக்கும் எஃப்420 என்ற துணைநொதியின் ஒளி அது. வகுப்பில் எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தோம். எனக்குப் பாட்டாவின் வயல் ஞாபகம் வந்தது. வரிசையில் பின்னால் நின்றவள் இடித்ததால் அந்த ஞாபகம் அதிக நேரம் நீடிக்கவில்லை.

ஆக்சிஜன் பட்டால் இவற்றுக்கு வேலை ஓடாது. அதனால் வயல் காய்ந்தால் செத்துப்போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நெல்வேரைச் சுற்றி நிறைய இருக்கும் ஒரு கூட்டத்துக்கு மெத்தனோசெல்லா என்று பெயர். ஜெர்மனியின் மார்பூர்க் நகரில் வெர்னர் லீசாக் குழுவினர் 2006-ல் இந்தக் கூட்டத்தின் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, ஆக்சிஜனின் நச்சைத் தாங்குவதற்கான நொதிகள் அதில் வரிசையாக இருந்தன. அறுவடை முடிந்து மாசி, பங்குனி வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும்போதும் அவை உள்ளே கிடக்கின்றன. அடுத்த தண்ணீருக்குக் காத்திருக்கின்றன, நம் பெரியப்பாவைப் போல.

சரி, உண்டான மீத்தேன் எப்படி வெளியே வருகிறது? நான் மிதித்துக் கிளப்பிய குமிழ் அதில் சின்னப் பங்குதான். பெரும்பகுதி, பருவத்தின் நடுவில் 90 சதவீதம் வரைகூட, நெல்லின் உடம்பு வழியாகவே போகிறது. ஆக்சிஜன் இறங்கும் அதே குழலில் மீத்தேன் ஏறி, இலையுறையில் இருக்கும் நுண்துளைகள் வழியாக வெளியேறுகிறது. பச்சை வயலைப் பார்த்து நாம் ஆஹா என்று நிற்கும்போது ஒவ்வொரு தண்டும் சின்னப் புகைபோக்கிதான். ஆனால் அந்த வழியிலேயே காவலும் இருக்கிறது. வேர் கசியவிடும் ஆக்சிஜனை வைத்துக்கொண்டு மீத்தேனைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் வேரின்மேலும், சேற்றின் மேல்பரப்பில் சில மில்லிமீட்டர் தடிமன் உள்ள பழுப்பு அடுக்கிலும் குடியிருக்கின்றன. மண்ணில் உண்டாகும் மீத்தேனில் கணிசமான பங்கு இவற்றின் வயிற்றுக்குப் போய்விடுகிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 2012-ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் அடையாளம் கண்ட கேபிள் பாக்டீரியா. ஆயிரக்கணக்கான செல்கள் வால்பிடித்து நூலாக நின்று, ஒரு முனையில் சல்பைடைத் தின்று, மறுமுனையில் ஆக்சிஜனைச் சுவாசித்து, இடையில் மின்சாரம் கடத்துகின்றன. 2020-ல் நெல் வளர்த்த தொட்டி மண்ணில் இவற்றை விட்டுப் பார்த்தபோது மீத்தேன் 93 சதவீதம் குறைந்தது. சல்பைடு மறுபடி சல்பேட் ஆகிறது, அந்தப் பந்தி முடியவே மாட்டேன் என்கிறது, கடைசிப் பந்திக்கு இலை விழுவதில்லை. தொட்டியில் நடந்ததை வயலில் எதிர்பார்க்கலாமா என்பது வேறு பேச்சு. மணக்குடிக் காயலில் கடல் தண்ணீர் ஏறும் சேற்றில் இதேபோல ஒன்று யாரும் எதுவும் செய்யாமலே நடக்கிறது. கடல்நீரில் சல்பேட் ஏராளம். அலையாத்தி வேரடியில் நாற்றம் மூக்கைத் துளைக்கும், மீத்தேனோ குறைவு.

ஐந்து வாரம் கழித்து மறுபடி போத்தலோடு போனோம். இந்த முறை அந்திநேரம், ஏனென்றால் மீத்தேன் சுடர் பகலில் சரியாகத் தெரியாது. கிளறியதும் குமிழ்கள் பொங்கின. மூடியைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினேன். ‘புஸ்’ என்று ஒரு சத்தம், போத்தலின் வாயில் நீலமாக ஒரு வளையம், அவ்வளவுதான். இரண்டு நொடி இருக்காது. என் புறங்கையில் ரோமம் பொசுங்கியது. மகள் கைதட்டினாள். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் போத்தலை வாங்கி முகர்ந்து பார்த்தார். “இதுக்காடே எல்லாரும் நம்மள குத்தம் சொல்லுகானுவ?”

அவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. மீத்தேன் காற்றில் 12 ஆண்டு அளவுதான் தங்கும். ஆனால் 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு போல வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மனிதச் செயல்களால் வரும் மீத்தேனில் 8 முதல் 10 சதவீதம் நெல்வயல்களில் இருந்து வருகிறது. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை போட்ட கணக்கில், இந்திய நெல்வயல்கள் மட்டும் ஆண்டுக்கு 3 கோடியே 70 லட்சம் டன்னுக்கும் மேல் மீத்தேன் விடுவதாக இருந்தது. வேறு நாட்டு வயல்களில் அளந்ததை நம் நிலப்பரப்பால் பெருக்கிய கணக்கு. 1991-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா முன்னின்று நாடெங்கும் வயல்களில் பெட்டிகளைக் கவிழ்த்து அளக்கவைத்தார். வந்த தொகை 40 லட்சம் டன் அளவு. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! காரணம் புரியாத மாயமில்லை. நம் வயல்களில் கணிசமான பகுதி மழையை நம்பியவை. வெள்ளம் நிற்கும், வற்றும், மறுபடி நிற்கும். மண்ணில் மக்கும் சத்தும் குறைவு. கடைசிப் பந்திக்கு முன்பே பந்தல் பிரிந்துவிடுகிறது. எந்த மேசையில் இருந்து கணக்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு நாட்டு உழவர்கள் எல்லோரும் குற்றவாளி ஆகிவிட முடியும் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். எரிச்சல் ஒருபுறம் இருக்கட்டும், 40 லட்சம் டன்னும் சின்னத் தொகை கிடையாது.

குறைக்க வழி இருக்கிறதா என்றால், தமிழில் அதற்குப் பழைய பெயரே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். வேளாண் அலுவலர்கள் ‘நீர் மறைய நீர் கட்டுங்கள்’ என்பார்கள். நாற்று வேர்பிடித்த பிறகு, தண்ணீர் வற்றி மண் மயிரிழையாக வெடிக்கும்வரை விட்டு, அப்புறம் பாய்ச்ச வேண்டும். மண்ணுக்குள் காற்று இறங்கினால் இரும்பு மறுபடி துருவாகும், சல்பேட் மறுபடி சேரும். பந்தி முதலில் இருந்து தொடங்கும். இப்படிக் காயவிட்டுப் பாய்ச்சும் வயல்களில் மீத்தேன் பாதியளவு வரை குறைவதைப் பல நாடுகளில் அளந்திருக்கிறார்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இன்னொன்று, காய்ந்தும் நனைந்தும் இருக்கும் மண்ணில் யூரியாவைத் தாராளமாகக் கொட்டினால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். அது கார்பன் டை ஆக்சைடைவிட 270 மடங்குக்கு மேல் பொல்லாதது. முதல் பருவமான கன்னிப்பூவுக்கு எங்கள் ஊரில் முன்பு அதிகமாக இருந்த பொடிவிதையும் மீத்தேனைக் குறைக்கிற சாதியைச் சேர்ந்ததுதான். சித்திரை மழையில் புழுதியில் விதைத்து, பயிர் வளர்ந்த பிறகுதான் தண்ணீர் கட்டுவார்கள். அதுவரைக்கும் கடைசிப் பந்திக்காரர்களுக்கு வேலை இல்லை.

இதை எல்லாம் பெரியப்பாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “வத்த விடதுக்கு எனக்கென்ன பயம் மக்களே? பாட்டாவும் வத்த விட்டவருதான். மறுபடி தண்ணி வரும்னு யாரு சொல்லுகா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடித்தது. கோதையாற்றுத் தண்ணீர் வழக்கமாக ஜூன் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை கால்வாய்களில் வரவேண்டும். கடைவரம்பில் இருப்பவருக்கு அது காகிதத்தில் வரும் தேதி. எங்கோ கால்வாய் உடையும், எங்கோ பாசி அடைக்கும், மேல்பக்கத்தில் யாரோ மடையை முறைக்கு மேல் திறந்து வைத்திருப்பார். கிடைக்கும்போது கட்டிவைப்பதுதான் கடைமடைக்காரரின் கெட்டிக்காரத்தனம். அதுவும் எங்கள் பத்தில், அதாவது சேர்ந்தாற்போல் கிடக்கும் வயல்பரப்பில், தண்ணீர் வயல்விட்டு வயல் பாய்வது. மேலவயலில் கட்டினால்தான் கீழவயலுக்குப் போகும். பெரியப்பா மட்டும் காயவிட நினைத்தால், மேலவயல்காரர் திறந்துவிடுவது இவர் வயலில்தான் வந்து நிற்கும். கும்பப்பூவில் ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு காயவிடு என்றால், வானத்திடமும் கேட்க வேண்டும்.

மீத்தேனைக் குறைத்தால் கார்பன் கணக்கில் பணம் தருகிறோம் என்ற பேச்சு இப்போது உழவர்கள் காதுவரை வந்துவிட்டது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. தனி உழவரின் மனசை மாற்றுவதற்குக் காசு கொடுக்கிறார்கள். மண்ணுக்குள் எந்தப் பந்தி நடக்கிறது என்பதைத் தீர்மானிப்பதோ மடையும் முறையும். அந்தக் காசில் பாதியைக் கால்வாய் தூர்வாரவும், முறைத்தண்ணீர் எந்தத் தேதியில் வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் செலவழித்தால், வற்ற விடுங்கள் என்று யாரும் கெஞ்ச வேண்டியிருக்காது. தண்ணீரைச் சேமிக்க ஆசைப்படாத உழவரை நான் பார்த்ததில்லை.

மீத்தேனை ஒரேயடியாக நிறுத்தும் வழி ஒன்றும் எங்கள் ஊரில் ஜோராக நடக்கிறது. வயலில் முதலில் ஏத்தன் வாழை வைப்பார்கள், பிறகு தென்னை, பிறகு லாரியில் மண் வந்து இறங்கும், கல் நடுவார்கள். ஏப்பமே இருக்காது. சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. அங்கே வரும் செங்கால் நாரைகள் இரைக்கு இறங்கும் வயல்களில் எத்தனை மிச்சம் என்று பேருந்தில் போகும்போது எண்ணிப் பார்க்கிறேன். எண்ணி முடிக்கச் சீக்கிரமே ஆகிறது.

கடைசியில் பெரியப்பா ஒரு சோதனைக்குச் சம்மதித்தார். பத்தின் ஓரத்தில், மேலவயல் தொல்லை இல்லாத சின்ன வயல்துண்டு ஒன்று உண்டு. வீட்டில் கிடந்த பி.வி.சி. குழாயில் ஓரடி வெட்டி, கீழ்ப்பாதியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டோம். சேற்றில் பாதியை இறக்கி உள்ளே இருந்த மண்ணை எடுத்துவிட்டோம். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கினால்தான் அடுத்த பாய்ச்சல். மேலே பார்க்க வறண்டிருந்தாலும் வேரடியில் ஈரம் இருக்கிறது என்று குழாய் சொல்லும். பெரியப்பா தினம் காலையில் ஈர்க்குச்சியை விட்டு அளந்து போனில் சொன்னார். மூன்று விரல். நாலு விரல். ஏழாம் நாள் குரலில் ஒரு உற்சாகம்: “அர அடி ஆகப்போகு மக்களே, வெடிப்பு விழுந்தாச்சு.”

அன்று ராத்திரி மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் காலை போன் வந்தது. குழாய் முழுகிவிட்டதா என்று கேட்டேன். “நுனி தெரியுகு. உள்ள ஒரு தவளை இருக்கு. ஈர்க்குச்சிய விட்டா கத்துகு, எப்படி அளக்க?” என்றார்.